பெரியம்மா உரித்த பூண்டு

என்னைப் பட்டினி போடப் பார்த்த ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பட்டினி என்றால் தொட்டிலில் போட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிற பட்டினி இல்லை. என் தாயின் பாலை வற்றவைத்து, பசித்து அழுகிற என்னைத் தன் மடிக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள். பெயர் ராமாமிர்தம். என் தகப்பனாரின் மூத்த தாரம், எனக்குப் பெரியம்மா. நல்ல சமையல்காரி, மகா சுத்தக்காரி, பொல்லாத பொறாமைக்காரி. பதுளைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

இதில் பாதி அவளே என்னிடம் சொன்னது. கால்வாசி என்னைப் பெற்ற அம்மா புஷ்பம் சொன்னது. மீதி பக்கத்து வீட்டு ஸகீனா மாமி சொன்னது. மூன்று பேர் பேச்சும் முட்டிக்கொண்ட இடங்களில் நான் பெரியம்மாவின் பேச்சையே எடுத்துக்கொண்டேன். செய்த குற்றத்தை மூடி மறைக்கிற ரகமில்லை அவள். "ஆமாடி சந்திரகாந்தி, செஞ்சேன். இப்ப என்னாங்கிற?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவள்.

என் தகப்பனார் பாலசுப்பிரமணியம் பிள்ளை துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்து பதுளையில் பலசரக்குக் கடை வைத்தவர். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டியில் மூட்டைகள் வரும்: மிளகாய், மல்லி, பருப்பு, பிறகு பூண்டு. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்கு எங்கள் கடையிலிருந்துதான் பூண்டு போயிற்று. மலைக் குளிரில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற கூலிச் சனங்களுக்குப் பூண்டு தட்டிப் போடாத குழம்பு தொண்டையில் இறங்காது. கடையில் கால் வைக்க இடமில்லாமல் பூண்டு கிடக்கும். கடைக்குப் பின்னால் ஒரே ஒரு கதவு தாண்டினால் எங்கள் வீடு. அந்தக் கதவைத் தாண்டி ஒரு பல் பூண்டு உள்ளே வந்ததில்லை.

காரணம் பெரியம்மாதான். அவளுடைய தகப்பனார் தீட்சை வாங்கிய சைவர். அவர் வீட்டில் பூண்டைத் தொட்டால் கை கழுவினால் போதாது, தலைக்குக் குளிக்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் கப்பலில் தன்னோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். என் தகப்பனார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"கெணத்தடிக்குப் போங்க. மூட்டை வாசம் வாசல் வரைக்கும் அடிக்குது."

மனுஷர் பதினாறு வருஷம் முணுமுணுக்காமல் குளித்துவிட்டு உட்கார்ந்தார். ஏனென்றால் அவள் கைச் சமையல் அப்படி. பெருங்காயத்தைப் பொரித்துப் போட்டு அவள் சாம்பார் தாளித்தால், கடையில் நிற்கிற கங்காணிமார் வாங்க வந்ததை மறந்துவிட்டு வீட்டுக் கதவைப் பார்ப்பார்களாம். "என் கையால தின்னவரு வேற கையால தின்ன மாட்டாரு" என்று கிணற்றடியில் எல்லோர் காது படவும் சொல்லுவாள். அந்தத் திமிருக்கு அவளிடம் சரக்கு இருந்தது. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

இல்லாதது ஒரு பிள்ளை. பதினைந்து வருஷம் பார்த்தாள். தாய் வீட்டுச் சீராக வந்த வெள்ளிச் சங்கு, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சின்னச் சங்கு, பெட்டிக்குள் துணியில் சுற்றியபடியே கிடந்தது. கடைசியில் அவளே என் தகப்பனாருக்கு இன்னொரு கல்யாணம் பேசினாள். யாரோ செய்துவைத்து, யாரையோ தன் தலையில் கட்டிவிடுவதற்குள் தானே பார்த்துப் பொறுக்கிவிட வேண்டும் என்ற எண்ணம். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகள், தாயில்லாப் பெண், பத்தொன்பது வயது. "ரொம்ப லட்சணமா இருந்தா ஆபத்து. லட்சணமே இல்லாட்டி பிள்ளைக்கு ஆபத்து. அதான் நடுவாந்தரமா ஒங்கம்மாவப் புடிச்சேன்" என்று என்னிடம் சொன்னாள். என் அம்மா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

அழகை அளந்தவள் நாக்கை அளக்க மறந்துவிட்டாள். என் அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பல் முளைத்த நாளிலிருந்து பூண்டு தின்றவள்.

முதல் சில மாதம் அம்மா வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா போட்டதைத் தின்றாள். சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு என்னை வயிற்றில் சுமந்தாள். மசக்கை வந்ததும் பெரியம்மாவின் சாம்பார் வாசம் பட்டாலே குமட்டிக்கொண்டு வந்ததாம். சாம்பாருக்கே குமட்டல் என்றால் பெரியம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்! மூன்று நாள் எதுவும் இறங்காமல் கிடந்த அம்மா, நாலாம் நாள் என் தகப்பனாரிடம் மெல்லச் சொல்லியிருக்கிறாள்.

"பூண்டு ரசம் வச்சு ஒரு வாய் சோறு தின்னா தேவலாம் போல இருக்குங்க."

அன்று மத்தியானம் என் தகப்பனார் கடையிலிருந்து வந்தார். வேட்டி மடிப்பில் என்னவோ புடைத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா கேட்கிறதற்கு முன்னால் வாசம் சொல்லிவிட்டது.

"என்னங்க அது மடியில?"

"ஒண்ணுமில்ல அமிர்தம். அந்தப் பிள்ளை ஆசப்படுது. பிள்ளத்தாச்சி கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதுல்ல."

"பதினாறு வருஷம்" என்றாளாம் பெரியம்மா. "பதினாறு வருஷம் நான் இந்த வீட்டுல இருக்கேன். எனக்காக ஒரு வெத்தலைய மடியில கட்டிக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"நீ கேக்கலையே."

"நான் கேட்டா குடுப்பீங்க. அவ கேக்காமலே இருந்தாலும் குடுத்திருப்பீங்க. அதான் வித்தியாசம்."

இந்த இடத்தைச் சொல்லும்போது முப்பது வருஷம் கழிந்த பிறகும் அவள் குரல் உடைந்தது. பூண்டு உள்ளே வந்ததல்ல அவளுக்கு ஆற்றாமை. அது வந்த விதம்தான். கடையில் மூட்டை மூட்டையாகப் புழங்குகிற சாமானைத் திருட்டுச் சாமான் போல மடியில் மறைத்து, வேகு வேகென்று ஒரு மனுஷன் வீட்டுக்கு ஓடி வந்தாரே, அந்த ஓட்டம். தனக்காக அவர் ஒருநாளும் அப்படி ஓடி வந்ததில்லை. வயிறு பற்றி எரிந்தது என்று அவளே சொன்னாள்.

அவள் அடுப்படியில் பூண்டு ஏறவில்லை. பின்கட்டில் மூன்று கல்லை வைத்து அம்மா ஒரு தனி அடுப்பு போட்டுக்கொண்டாள். அந்த அடுப்பில் பூண்டு ரசம் கொதித்தது, பூண்டுத் துவையல் வதங்கியது. என் தகப்பனார் முதல் நாள் எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் "ருசி பாப்போம்" என்று ஒரு கரண்டி வாங்கிக் குடித்தார். பத்தாம் நாள் பெரியம்மா அவருக்குப் பரிமாறிய இலையில் பாதிச் சோறு மிஞ்சியது.

"வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"சரியாத்தான் இருக்கு. பசி இல்ல."

பசி எங்கே போய்த் தீர்ந்தது என்று அவர் மூச்சே சொல்லிவிட்டதாம். பேசும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து பூண்டு வாசம் வந்தது. அவர் சிரித்தால் அந்த வாசம். அவர் கொட்டாவி விட்டால் அந்த வாசம். "அவ கைய என் மூஞ்சியில வச்சுத் தேய்க்கிற மாதிரி இருந்துச்சுடி" என்றாள். இன்னொருத்தியைத் தேடிக் கொடுத்தபோதுகூட இவ்வளவு நோகவில்லையாம். தன் சாப்பாட்டை அவர் மிச்சம் வைத்தபோது நொந்துவிட்டது. கல்யாணம் அவளாகக் கொடுத்தது. சாப்பாட்டை அவள் யாருக்கும் கொடுக்கவில்லையே.

இந்த நிலையில்தான் நான் பிறந்தேன். பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள் பெரியாயி என்ற மருத்துவச்சி. பக்கத்துத் தோட்டத்துக்காரி. கடைத்தெரு வீடுகளுக்கும் அவள்தான் வருவாள். என்னைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வெற்றிலை போட்டபடி சொன்னாளாம்.

"தலைப்பிள்ளைக்காரிக்கு முப்பது நாளு பத்தியக் கொழம்பு குடுக்கணும். மொளகு, சீரகம், சுக்கு அரைச்சு, ஒரு கை பூண்ட நல்லெண்ணெயில வதக்கிப் போடுங்க. பூண்டு தான் பாலு. அது கொறைஞ்சா பாலு கொறைஞ்சிரும்."

"யாரு வைக்கணும் அத?" என்று கேட்டாள் பெரியம்மா.

"நல்லாக் கேட்டீங்க போங்க. வீட்டுல மூத்த பொம்பள வைக்கணும். அவளுக்குத் தாயும் இல்ல, மாமியாளும் இல்ல. நீங்கதான் வைக்கணும். பெத்தவ அடுப்பாண்ட போகவே கூடாது."

"பாலு கொறைஞ்சுட்டா?"

"கொறைஞ்சா பசும்பாலுதான். மடியில போட்டுச் சங்குல ஊத்த வேண்டியது. யாரு ஊத்துறாங்களோ பிள்ளை அவங்களத்தான் சுத்திச் சுத்தி வரும்."

பெரியாயி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டாள். அவள் போட்டுவிட்டுப் போன பேச்சு பெரியம்மாவின் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியம்மா என்னைத் தூக்கினால் நான் அழுவேனாம். அப்பா தூக்கினால் சும்மா இருப்பேன், ஸகீனா மாமி தூக்கினால் கண்ணை மூடிக்கொள்வேன், இவள் கையில் வந்த மறு நிமிஷம் வீறிட்டுக் கத்துவேன். வீட்டில் எல்லோர் முன்னிலையிலும். "பச்சப் புள்ளை கூட என்னய வேணாங்குது" என்று அவள் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டிருந்ததை ஸகீனா மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கே பெட்டியைத் திறந்து வெள்ளிச் சங்கை எடுத்தாள். புளி போட்டு விளக்கினாள். பளபளவென்று ஆக்கி மாடத்தில் வைத்தாள்.

பிறகு பத்தியக் குழம்பு வைத்தாள். இதில்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். பூண்டை வாங்கி, பல் பல்லாகப் பிரித்து, ஒரு கை நிறைய உரித்தாள். அதுவரை தொடாத பூண்டைத் தொட்டு, அருவருப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உரித்தாள். யார் எட்டிப் பார்த்தாலும் 'பாவம், இளையாளுக்காக மூத்தவள் பூண்டு உரிக்கிறாள்' என்று மெச்ச வேண்டும். மெச்சினார்கள். என் தகப்பனாரே, "ஒம் மனசு யாருக்கு வரும் அமிர்தம்!" என்றார். அவர் கடைக்குப் போனதும் உரித்த பூண்டை அப்படியே அள்ளிப் பின்சுவருக்கு மேலாக அடுத்த வீட்டுக் கானில், தண்ணீர் ஓடுகிற சாக்கடையில், எறிந்தாள். குழம்பில் அதே அளவுக்குச் சின்ன வெங்காயத்தை உரித்து வதக்கிப் போட்டாள். மிளகும் சுக்கும் சேர்ந்த கறுத்த குழம்பில் பூண்டு எது வெங்காயம் எது என்று கண் சொல்லாது. வாசத்துக்கு என்ன செய்தாள் தெரியுமா? பூண்டுத் தோலை அடுப்பில் போட்டாள். தோல் கருகிக் கடை வரைக்கும் வாசம் போயிற்று.

கெட்டிக்காரிதான். ஆனால் பூண்டு தின்னாதவளின் கெட்டிக்காரத்தனம். சைவச் சட்டப்படி அந்தக் குழம்பை அவள் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பூண்டென்றால் வாசம் மட்டும்தான் என்று நினைத்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. பிள்ளை சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பசும்பால் கொடுப்பேன், சங்கில் கொடுப்பேன், கண்ணை இமை காக்கிற மாதிரி காப்பேன், பிள்ளை என்னிடம் இருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளாம். எனக்கு இதைக் கேட்டபோது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கில் போன பிள்ளைகள் கொஞ்சமா? "நான் செத்துப் போயிருந்தா?" என்று கேட்டேன். "அத நெனைக்கலடி. நெனைச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். பொறாமை வந்தா அடுத்தத நெனைக்க விடாது" என்றாள். இதற்கு மேல் என்ன கேட்க?

நாள் போயிற்று. ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. பெரியம்மா காலையில் எழுந்ததும் என் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். இன்றைக்குப் பால் குறைந்திருக்குமா? பிள்ளை அழுகிறதா? நான் எங்கே அழுதேன்! வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கினேன். அம்மாவின் ரவிக்கை நனைந்து சேலையும் நனைந்தது. கன்னம் பூரித்துக்கொண்டு வந்தது. மாடத்தில் இருந்த சங்கின்மேல் புகை படிந்தது. பெரியம்மா அதை மறுபடியும் விளக்கி வைத்தாள். "வெங்காயத்தத் தின்னே இப்படிச் சொரக்குதே, இவ ஒடம்பு என்ன ஒடம்பு!" என்று அதற்கும் பொறாமைப்பட்டாள்.

பதினேழாம் நாள் மத்தியானம். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் வழக்கம்போல் கத்தினேன். கத்தினதோடு நிற்காமல் குடித்த பாலில் கொஞ்சத்தை அவள் தோளில் கக்கினேன். துடைப்பதற்குச் சேலைத் தலைப்பை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கக்கின பாலில் பூண்டு வாசம். மறுபடி மோந்து பார்த்தாள். என் வாயைத் திறந்து மோந்து பார்த்தாள். பூண்டேதான்.

வெங்காயம் கொடுத்தவளுக்குப் பூண்டு வாசம் எங்கிருந்து வரும்? அவள் மனசு ஒரே தாவலில் என் தகப்பனாரிடம் போயிற்று. மறுபடியும் மடியில் மறைத்துக்கொண்டு வருகிறார். தனக்குத் தெரியாமல் அவளுக்கு ஊட்டிவிடுகிறார். அவ்வளவுதான், என்னைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கடையில் நாலு பேர் நின்றார்கள். அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"எத்தன நாளா அவளுக்குப் பூண்டு ஊட்டுறீங்க?"

என் தகப்பனார் கையில் தராசோடு விழித்தார். "யாருக்கு?"

"ஒங்க செல்லத்துக்குத்தான். பிள்ளை கக்குற பாலுல பூண்டு நாறுது."

"நாறாம? நீதானே தெனம் ஒரு கை பூண்டு போட்டுக் கொழம்பு வைக்கிற?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.  அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பிள்ளை வாயில் பூண்டு வாசம் வருவதற்கு மெச்சிக்கொள்ள வேண்டியவளே பெரியம்மாதான். வரக் கூடாதே என்று ஆச்சரியப்பட உலகத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நாலு பேர் முன்னால் கொட்டிவிட இருந்தாள்.

"ஆமால்ல" என்றாளாம் மெதுவாக. "வேலைக் கெறக்கத்துல மறந்துட்டேன்." திரும்பி வீட்டுக்குள் வந்தாள்.

உள்ளே ஈரத் தலையோடு என் அம்மா நின்றாள். கடையில் பேசினது எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது.

"அக்கா, கதவச் சாத்துங்க" என்றாள்.

பெரியம்மா சாத்தினாள். அம்மா தொட்டிலுக்குக் கீழிருந்து மூடி போட்ட ஒரு கிண்ணத்தை எடுத்துத் திறந்து காட்டினாள். நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு. ஒரு கை நிறைய.

"இது யாரு குடுத்தா?"

"நீங்கதான். நீங்க உரிச்சு எறிஞ்சதாலதான் இது வந்துச்சு. ஸகீனா அக்கா வீட்டுக் கானுல தெனம் வெள்ளவெளேர்னு உரிச்ச பூண்டு கெடந்திருக்கு. முதல் நாளு ஏதோ தவறி விழுந்துச்சுன்னு நெனைச்சிருக்காங்க. ரெண்டாம் நாளு ஜன்னலாண்ட வந்து கேட்டாங்க. 'புள்ள, ஒனக்குக் கொழம்புல பூண்டு இருக்கா?'ன்னு. நான் இல்லைன்னேன். அன்னையிலேருந்து அவங்க வேற பூண்டு வதக்கி ஜன்னல் வழியா தராங்க."

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு. பூண்டு மெத்துனு கரையும். வெங்காயம் இனிக்கும். நீங்க ஒரு தரம் நாக்குல வச்சுப் பாத்திருந்தா ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும், இத வச்சு என்னய ஏமாத்த முடியாதுன்னு."

பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த கப்பலில் துறையூர். அண்ணன் வீட்டில், அண்ணி போடுகிற சோற்றில் மிச்ச காலம். பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை, தன் அடுப்பும் இல்லை.

"அவருகிட்ட சொல்லப்போறியா?"

"சொல்லணும்னா பதினஞ்சு நாளைக்கு முந்தியே சொல்லியிருப்பேன்."

"ஏன் சொல்லல? எம் மேல எரக்கமா?"

என் அம்மா சிரித்துவிட்டாளாம். "எரக்கமா? எனக்கா? ஒங்க மேல எனக்கு எவ்வளவு எரிச்சல்னு ஒங்களுக்குத் தெரியாதுக்கா. நான் வந்து ரெண்டு வருஷமாச்சு. இன்னும் அவரு வெளியிலேருந்து வந்தா 'அமிர்தம்'னுதான் கூப்புட்டுக்கிட்டே வாராரு. தண்ணி வேணும்னாலும் அமிர்தம், துண்டு வேணும்னாலும் அமிர்தம். ஒரு தரம் கூட 'புஷ்பம்'னு கூப்புட்டுக்கிட்டு உள்ள வந்ததில்ல. ஒங்கள அனுப்பிட்டா வாசல்ல நின்னு என்னான்னு கூப்புடுவாரு? அப்புறமும் அமிர்தம்னுதான் வாயில வரும். அதுவும் போக, 'எளையா வந்து மூத்தவளத் தொரத்திட்டா'ன்னு ஊரு பேசும். அந்தப் பேரு எனக்கு வேணாம்."

பெரியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குத் தன் மேல் பொறாமையா? அதுவும் இத்தனை நாளாகவா? அந்தத் துக்கத்திலும் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்ததாம். மறைக்காமல் சொன்னாள்.

"ஆனா சும்மா விட மாட்டேன்" என்றாள் அம்மா. "இன்னும் பதிமூணு நாளு இருக்கு. நீங்கதான் கொழம்பு வைக்கணும், அதான் மொறை. தெனம் என் கண்ணு முன்னால கொழம்புலேருந்து ஒரு பல்லு எடுத்து நீங்க தின்னுட்டுத்தான் எனக்குத் தரணும்."

"எங்கப்பா தீட்சை வாங்கினவருடி!"

"ஒங்கப்பா தீட்சை வாங்கினாரு. நான் உசுரக் குடுத்துப் பிள்ளை பெத்தேன். அதோட வாயில மண்ணள்ளிப் போடப் பாத்தது யாரு? ஒங்க கையால வர்றத இனிமே எப்படி நம்பித் தின்னுவேன்?"



மறுநாள் காலையில் பெரியம்மா பூண்டு உரித்தாள். இந்த முறை எதுவும் கானுக்குப் போகவில்லை. நல்லெண்ணெயில் போட்டுப் பொன்னிறமாக வதக்கினாள். குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கினாள். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போய் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பல்லை எடுத்தாள்.  கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். முதலில் குமட்டியதாம். விழுங்கிவிடுவோம் என்று பார்த்தாள், முடியவில்லை. கடித்தாள். வெந்த பூண்டு கரைந்து நாக்கெல்லாம் பரவியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என் அம்மா இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

பெரியம்மா விழுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் உப்பு எடுத்து வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் இன்னொன்றும் நினைத்தாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். 'இவ்வளவு ருசியா இது? இதுக்குத்தான் அந்த மனுஷன் பின்கட்டுக்கு ஓடினாரா? இது தெரிஞ்சிருந்தா நானே வச்சுக் குடுத்திருப்பேனே.' பதினாறு வருஷம் அவரைக் கிணற்றடிக்கு விரட்டினதை நினைத்துத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்ததாம்.

அம்மா சாப்பிட உட்கார்ந்தால் பிள்ளையை வேறு யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். அன்றும் பெரியம்மா என்னைத் தூக்கினாள். கத்தப் போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாளாம். நான் கத்தவில்லை. அவள் முகத்தின் பக்கம் தலையைத் திருப்பி, மூக்கைச் சுளித்து, என்னவோ தேடினேனாம். பிறகு அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். வாசல் பெருக்க வந்தவளைக் கூட அசைய விடாமல் ஒரு நாழிகை அப்படியே நின்றிருக்கிறாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பூண்டு தின்றுவிட்டு அவள் தூக்கினால் நான் அடங்கிப் போனேன். ஐந்தாறு நாளில் அம்மா கூப்பிட்டாலும் திரும்பாமல் பெரியம்மாவின் தோளிலேயே கிடந்தேன். அவள் குனிந்து பேசப் பேச அவள் வாயையே பார்த்தேனாம். எனக்கென்ன தெரியும், எது தாய் வாசமோ அங்கே போயிருப்பேன்.

இப்போது என் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவள் அவள். பால் கொடுக்கிறவள் அவள். தான் விதித்த தண்டனைதான் தன் பிள்ளையை அந்தத் தோளுக்குக் கொண்டுபோகிறது என்று கண்ணெதிரே பார்த்துக்கொண்டு, அள்ளி அள்ளி விழுங்கிவிட்டு, "போதும், குடுங்க" என்று கை நீட்டுவாளாம். "பாதித் தூக்கத்துல இருக்கு, சித்த இரு" என்பாளாம் பெரியம்மா. பழைய திமிர் திரும்பி வந்துவிட்டது.

முப்பது நாள் முடிந்தது. தீட்டு கழித்து, வீடு கழுவி, எல்லாம் ஆயிற்று. முப்பத்தோராம் நாள் காலையில் அம்மா அடுப்படிக்கு வந்தபோது பெரியம்மா முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தன் சொந்த அடுப்பில் நல்லெண்ணெய்ச் சட்டியை வைத்திருந்தாள்.

"பத்தியம் முடிஞ்சிருச்சுக்கா" என்றாள் அம்மா. என்னை நெஞ்சோடு இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே நீங்க ருசி பாக்க வேணாம்."

பெரியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. பூண்டைச் சட்டியில் போட்டாள்.

"ஒங்களுக்குத்தான் ஆகாதே" என்று அம்மா மறுபடியும் சொன்னாள். "தீட்சைக்காரரு மகளாச்சே. விட்டுருங்கக்கா. முப்பது நாளுதானே சொன்னாங்க."

"முப்பது நாளு பெத்தவளுக்குடி" என்றாள் பெரியம்மா. "எனக்கு யாரு கெடு வச்சா?"

வதங்கின பூண்டில் ஒரு பல்லை எடுத்து ஊதி வாயில் போட்டு மென்றாள். பிறகு எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் கொடுக்காமலே நின்றாள். நான் அந்த வாசத்தின் பக்கம் தலையைத் திருப்பிச் சிணுங்கினேனாம். அப்புறம்தான் கொடுத்தாள்.